சிமுலேஷன் தப்பாகப் போகும்போது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

இயந்திர வடிவமைப்பில் சிமுலேஷன் செய்பவர்களுக்கு இரண்டு வகைத் தொல்லை வரும். சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) பாதியில் நின்றுபோய்ப் பிழைச்செய்தி காட்டுவது ஒன்று. எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடி முடித்து, அழகான வண்ணப் படம் கொடுத்து, அந்தப் படமே தப்பாக இருப்பது இன்னொன்று. முதல் வகை நம் நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். இரண்டாவது வகைதான் ஆபத்து. அது வரைபடமாகி, பாகமாகி, வெளியே போய் உடையும். இங்கே இரண்டையும் பார்க்கலாம். ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது பாகத்தை நோடு என்னும் புள்ளிகளில் இணைந்த எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்து, விசை, ஸ்ட்ரெஸ் (ஓரலகுப் பரப்பில் வரும் உள்விசை), அதிர்வு கணக்கிடுபவர்களுக்கு இது. பாய்மங்களின் சிமுலேஷனை இதில் தொடவில்லை.

தப்பு வந்தவுடன் எல்லோரும் முதலில் மெஷ்ஷைத்தான், அதாவது அந்தத் துண்டுகளின் வலையைத்தான், சந்தேகப்படுகிறார்கள். என் கணிப்பில் அது பாதி வேளை வீண் வேலை. பாகம் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, எங்கே தள்ளப்படுகிறது, எந்த அலகில் எண்கள் கொடுக்கப்பட்டன என்பதில்தான் பெரும்பாலான பிழை இருக்கும். அதனால் ஸ்ட்ரெஸ் படத்தைக் கடைசியாகத் திறங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

உருமாறிய வடிவத்தை உண்மை அளவில் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இடப்பெயர்ச்சியைத் தானாகவே பல மடங்கு பெருக்கிக் காட்டும். அந்தப் பெருக்கத்தை 1 ஆக்கிப் பாருங்கள்; அப்புறம் பெருக்கி, அசையவிட்டுப் பாருங்கள். பாகம் நிஜத்தில் இப்படித்தான் வளையுமா? பிடித்திருக்கும் இடம் அசையாமல் இருக்கிறதா? இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகின்றனவா?

அடுத்தது எதிர்விசை. கீழ்நோக்கி 5000 நியூட்டன் கொடுத்திருந்தால், தாங்கிகளில் மேல்நோக்கி வரும் விசைகளின் கூட்டல் 5000 ஆகவே இருக்க வேண்டும். 4200 வந்தால், மீதி 800 எங்கேயோ போகிறது. அழுத்தம் தப்பான பரப்பில் விழுந்திருக்கலாம்; மாடல் நழுவாமல் இருக்க மென்பொருள் தானாகச் சேர்த்த மெல்லிய ஸ்பிரிங்குகள் லோடை உறிஞ்சியிருக்கலாம். கூட்டல் சரியாக வராத வரை வேறெதையும் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, மொத்த நிறை. மென்பொருள் சொல்லும் நிறையும் நிஜ பாகத்தின் எடையும் ஒத்துப்போகின்றனவா? இதற்கு ஒரு நிமிடம் போதும்.

கூடவே ஒரு சோதனை மாடலை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம் உள்ள எஃகுச் சட்டம். ஒரு முனை பிடிக்கப்பட்டிருக்கிறது, மறுமுனையில் கீழ்நோக்கி 100 நியூட்டன். யங் குணகம் (பொருளின் விறைப்பு) 210000 மெகாபாஸ்கல். கைக்கணக்கில் முனை 0.19 மி.மீ. இறங்கும், வேரில் வளைவு ஸ்ட்ரெஸ் 30 மெகாபாஸ்கல், முதல் இரண்டு இயல் அதிர்வெண்கள் (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகங்கள்) சுமார் 209, 418 ஹெர்ட்ஸ். 10 மி.மீ. தடிமன் திசையில் வளைவது எளிது என்பதால் அதுதான் முதலில் வரும். புதிய எலிமென்ட் வகை, புதிய மென்பொருள், புதிய அமைப்பு எதுவானாலும் முதலில் இந்தச் சட்டத்தில் போட்டுப் பாருங்கள். கீழே பல இடங்களில் இது திரும்ப வரும்.

தொடங்கிய உடனே நிற்கிறது: "சிங்குலர் மேட்ரிக்ஸ்", "ஜீரோ பிவட்"

பாகமோ, அசெம்பிளியில் ஒரு துண்டோ, பிடிமானம் இல்லாமல் மிதக்கிறது. முப்பரிமாணத்தில் ஒரு திண்மப் பொருளுக்கு மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு வழி உண்டு. ஆறையும் யாராவது தடுத்தாக வேண்டும்.

எந்தத் துண்டு என்று கண்ணால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். லோடுகளை எடுத்துவிட்டு இயல் அதிர்வெண் கணக்கை ஓட்டுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வரும் மோடுகளை (அதிர்வு வடிவங்களை) அசையவிட்டால், பிடிமானம் இல்லாத துண்டு தானே பறந்து காட்டும். காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: காட் (கணினி வரைவு) மாடலில் இரண்டு பாகங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி, அதனால் கான்டாக்ட் (பரப்புகள் தொடுவது) தொடங்கவே இல்லை; இணைப்பு முளை (pin) தன் துளைக்குள் தன் அச்சில் சுழல விடப்பட்டிருக்கிறது; திண்ம எலிமென்ட்டோடு ஷெல் (தகடு) அல்லது பீம் (தண்டு) எலிமென்ட்டை ஒரே நோடில் இணைத்திருக்கிறீர்கள். கடைசியில் சொன்னது நுட்பமானது. திண்ம எலிமென்ட்டின் நோடுகளுக்குச் சுழற்சி என்ற ஒன்றே கிடையாது, அதனால் பீம் அங்கே கீல் போட்டதுபோல் சுழலும்.

மெல்லிய ஸ்பிரிங் சேர்த்துச் செய்தியை வாயடைப்பது கடைசி வழி. சேர்த்தால், அந்த ஸ்பிரிங்கில் எவ்வளவு விசை போகிறது என்று பார்த்து, மொத்த லோடுக்கு முன் அது ஒன்றுமே இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

அதிர்வெண் நம்பவே முடியாத எண்ணாக வருகிறது

அலகுதான். மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வேலை செய்தால் நிறையின் அலகு டன் ஆக வேண்டும். எஃகின் அடர்த்தி அப்போது 7.85 × 10⁻⁹ டன்/கன மி.மீ.; புவியீர்ப்பு முடுக்கம் 9810. இதில் பழக்கதோஷத்தால் கிலோ கணக்கில் 7.85 × 10⁻⁶ என்று போட்டால் நிறை ஆயிரம் மடங்கு ஆகிவிடும். அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போவதால் 31.6 மடங்கு குறையும்: சோதனைச் சட்டத்தில் 209 வர வேண்டிய இடத்தில் 6.6 ஹெர்ட்ஸ். 7850 என்றே போட்டுவிட்டால் பத்து லட்சம் மடங்கு குறையும். விகிதம் 31.6 ஆகவோ அதன் அடுக்குகளாகவோ இருந்தால், வேறு காரணம் தேடாமல் அடர்த்தியைத் திருத்துங்கள்.

நிலையான லோடில் அடர்த்திக்கு வேலையே இல்லை, அதனால் இந்தப் பிழை அங்கே தெரியாமல் ஒளிந்திருக்கும். அதே மாடலை அதிர்வுக்கோ சுயஎடைக்கோ மோதலுக்கோ எடுக்கும்போதுதான் வெளியே வரும். நிறையை முதலிலேயே சரிபார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது

இதுதான் அதிகம் பேரைக் குழப்பும் அறிகுறி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எலிமென்ட் அளவை ஒவ்வொரு முறையும் பாதியாக்கி உச்ச ஸ்ட்ரெஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். 180, 205, 212, 214 என்று வந்தால் நல்லது, ஏற்றம் அடங்குகிறது, 215 பக்கம் நிற்கும். 180, 247, 338, 463 என்று வந்தால் அது எங்கேயும் நிற்காது. உள்மூலை ஃபில்லட் (மூலையை மழுக்கும் வளைவு) இல்லாமல் கூராக, செங்கோணத்தில் இருந்தால் எலாஸ்டிக் கோட்பாட்டின்படியே அங்கே ஸ்ட்ரெஸ் முடிவிலி. மெஷ் பாதியாகும் ஒவ்வொரு முறையும் எண் ஏறக்குறைய 1.37 மடங்கு ஆகும். அந்த விகிதம் கண்ணில் பட்டால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பாகத்தின் ஸ்ட்ரெஸ்ஸே அல்ல, உங்கள் எலிமென்ட்டின் அளவு.

அப்புறம் என்ன செய்வது? அந்த மூலை உங்களுக்கு முக்கியமா என்பதைப் பொறுத்தது.

விரிசல் வரக்கூடிய இடம் என்றால், நிஜத்தில் அங்கே இருக்கும் ஃபில்லட்டை மாடலில் போடுங்கள். காட் மாடலை எளிதாக்கும்போது சின்ன ஃபில்லட்டுகளை எல்லாம் அழிக்கிறோம். லோடு போகும் பாதையில் இருப்பதை மட்டும் அழிக்கக் கூடாது. ஃபில்லட்டின் கால்வட்டத்தில் இரண்டாம்படி எலிமென்ட் (விளிம்புகளின் நடுவிலும் நோடு உள்ளது) ஆறேழு இருந்தால் பெரும்பாலும் எண் அடங்கிவிடும். வெல்டிங் ஓரம் என்றால் ஆரம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. அதற்கு ஹாட் ஸ்பாட் முறை உண்டு: வெல்டின் ஓரத்திலிருந்து தகட்டுத் தடிமனின் 0.4 மடங்கு தூரத்திலும் 1 மடங்கு தூரத்திலும் மேற்பரப்பு ஸ்ட்ரெஸ்ஸைப் படித்து, முதலாவதை 1.67ஆல் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதை 0.67ஆல் பெருக்கிக் கழிப்பது. கிடைக்கும் எண்ணை அந்த முறைக்கென்றே உள்ள களைப்பு வளைவோடுதான் (எந்த ஸ்ட்ரெஸ்ஸை எத்தனை முறை தாங்கும் என்னும் வரைபடத்தோடுதான்) ஒப்பிட வேண்டும்.

மூலை முக்கியமில்லை என்றால் விட்டுவிடலாம். சிங்குலாரிட்டியின், அதாவது ஸ்ட்ரெஸ் முடிவிலியாகும் அந்தப் புள்ளியின், தாக்கம் கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும். 1855இல் செயின்ட் வெனன்ட் சொன்ன தத்துவத்துக்கும் பொருள் அதுதான். சோதனைச் சட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். முழுவதுமாகப் பிடித்த முனையின் விளிம்பில் 30க்கு மேல் எதையாவது காட்டும், மெஷ்ஷோடு ஏறும். வேரிலிருந்து 20 மி.மீ. தள்ளிப் படியுங்கள், கைக்கணக்கு சொல்லும் 27 மெகாபாஸ்கல் அப்படியே வரும்.

ஒரே நோடில் கொடுத்த புள்ளி லோடும் இந்த ரகம்தான். திண்ம எலிமென்ட்டில் அதன் கீழே இடப்பெயர்ச்சிகூட அடங்காது. லோடைச் சிறு பரப்பில் பரப்பிக் கொடுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "அது சிங்குலாரிட்டி, விட்டுவிடலாம்" என்பது வசதியான பதில், அதனாலேயே அபாயமானது. மேலே சொன்ன வரிசையை எழுதிப் பார்க்காமல் அந்த வார்த்தையை அறிக்கையில் போடாதீர்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மெஷ் முரடாக இருந்தால் நிஜமான உச்சம் மழுங்கி, எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டாவாங்கர் அருகே ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எரிவாயுத் தளத்தின் கான்கிரீட் அடிக்கட்டமைப்பு கடலில் மூழ்கியது. விசாரணையில் தெரிந்தது, அறைகள் கூடும் இடத்துச் சுவரில் முரட்டு மெஷ்ஷும் கோணலான எலிமென்ட்டுகளும் சேர்ந்து நறுக்கு விசையை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தன என்பது. அங்கே போட்ட கம்பிகளின் அமைப்பும் போதவில்லை. பின்னர் செய்த விரிவான கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். அதாவது முறையில் குறையில்லை, அந்த ஒரு இடத்தை மெஷ் பார்க்கவில்லை.

மெஷ் போதுமா என்று சீக்கிரம் தெரிய ஒரு வழி: சராசரி எடுத்த ஸ்ட்ரெஸ் படத்தையும் சராசரி எடுக்காத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டுகள் ஒரே நோடில் வெகுவாக வேறுபட்ட எண்களைச் சொன்னால் அங்கே மெஷ் போதாது. பயிற்சிக்கு, அகலமான தகட்டில் சின்ன வட்டத்துளை போட்டு இழுங்கள். துளையின் ஓரத்தில், இழுக்கும் ஸ்ட்ரெஸ்ஸைப் போல் 3 மடங்கு வர வேண்டும்; கிர்ஷ் 1898இல் கொடுத்த விடை. 2.4 வந்தால், உங்கள் வழக்கமான மெஷ் ஒவ்வொரு துளையிலும் எவ்வளவு மறைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பாகம் நிஜத்தைவிட மிக விறைப்பாக இருக்கிறது

முதல்படி நான்முகி எலிமென்ட் போட்டிருக்கிறீர்களா? அதற்குள் ஸ்ட்ரெயின் (நீட்சி விகிதம்) எங்கும் ஒரே அளவு, அதனால் வளையவே தெரியாது. இரண்டாம்படிக்கு, அதாவது பத்து நோடு உள்ளதற்கு, மாற்றுங்கள். பத்தில் எட்டு முறை இதிலேயே முடிந்துவிடும்.

முழு இன்டக்ரேஷன் (எலிமென்ட்டுக்குள் பல புள்ளிகளில் கணக்கிட்டுக் கூட்டுவது) செய்யும் எட்டு நோடுப் பெட்டி எலிமென்ட்டும் வளைவில் பூட்டிக்கொள்ளும். சோதனைச் சட்டத்தின் உயரத்தில் ஒரே ஒரு எலிமென்ட், அதுவும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமானது என்றால், 0.19 மி.மீ. வர வேண்டிய இடத்தில் பாதிகூட வராது. இன்டக்ரேஷனைக் குறைத்த வகையைப் போட்டால் பூட்டு திறக்கும், ஆனால் எதிர்த்தொல்லை வரும்: எலிமென்ட்டுகள் மணற்கடிகார வடிவில் மாறி மாறி நெளிந்து, விசையே இல்லாமல் உருமாறும். உருமாறிய படத்தில் இந்த நெளிவு கண்ணுக்கே தெரியும். தடிமனில் குறைந்தது நான்கு எலிமென்ட் வையுங்கள். நெளிவைத் தடுக்கச் செலவான செயற்கை ஆற்றல் உள்ளாற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரப்பர் என்றால் காரணம் வேறு. கன அளவு மாறாத பொருள் அது. பாய்சான் விகிதம் 0.5ஐ நெருங்கும்போது சாதாரண எலிமென்ட் இறுகிப்போகும். அழுத்தத்தைத் தனி மாறியாக வைத்துக் கணக்கிடும் ஹைப்ரிட் வகை தேவை.

நான்லீனியர் கணக்கு பாதியில் நிற்கிறது

நான்லீனியர் என்றால் விசையும் விளைவும் நேர்விகிதத்தில் போகாத கணக்கு. அது நிற்பதற்கு மூன்று காரணங்களில் ஒன்று: பெரிய உருமாற்றம், பொருளின் பிளாஸ்டிக் நடத்தை (நிரந்தரமாக உருமாறுவது), கான்டாக்ட். மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து ஓட்டி, நின்றவுடன் எதையாவது திருகுவது பயன் தராது. ஒவ்வொன்றாக அணைத்து ஓட்டுங்கள். எதை அணைத்தால் ஓடுகிறதோ அங்கே தேடுங்கள். சால்வர் எழுதும் செய்திக் கோப்பில் சமன்படாத விசை எந்த நோடில் அதிகம் என்று இருக்கும். அந்த நோடைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். விடை பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும்.

கான்டாக்ட் என்றால்: லோடின் முதல் அடியை மிகச் சிறிதாக வையுங்கள், அல்லது முதல் கட்டத்தில் விசைக்குப் பதில் சிறு இடப்பெயர்ச்சி கொடுத்துப் பரப்புகளைத் தொடவையுங்கள். உராய்வை முதலில் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வளைந்த பரப்புகள் முரட்டு மெஷ்ஷால் பலகோணமாகி, மூலைக்கு மூலை தடுக்கிக்கொள்வதும் உண்டு.

பொருள் என்றால், அட்டவணையைப் பாருங்கள். இழுவைச் சோதனை தரும் எண்களை அப்படியே போடக் கூடாது; பெரும்பாலான சால்வர்கள் கேட்பது உண்மை ஸ்ட்ரெஸ்ஸும் பிளாஸ்டிக் ஸ்ட்ரெயினும். சோதனையில் 20 சதவீத நீட்சியில் 400 மெகாபாஸ்கல் என்றால், உண்மை ஸ்ட்ரெஸ் 400 × 1.2 = 480; உண்மை ஸ்ட்ரெயின் 1.2இன் இயல் மடக்கை, 0.182, அதில் எலாஸ்டிக் பங்கைக் கழித்தால் அட்டவணையில் போக வேண்டியது 0.180. கழுத்து விழுந்த (மாதிரி ஓரிடத்தில் மட்டும் மெலியத் தொடங்கிய) பிறகு வரும் புள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட லோடில் எப்போதும் நிற்கிறது என்றால், நிஜ பாகமே அந்த லோடுக்கு மேல் தாங்காது என்று அர்த்தமாக இருக்கலாம். மெல்லிய கவிகையை அழுத்தினால் ஒரு கட்டத்தில் சட்டென்று உள்வாங்கும். அந்த உச்சிக்கு அப்பால் கூடுதல் விசைக்குச் சமநிலையே கிடையாது. விசைக்குப் பதில் இடப்பெயர்ச்சியைக் கொடுங்கள், அல்லது விசையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே நகர்த்தும் வில்நீள முறையை எடுங்கள். இது பிழையே இல்லை, நீங்கள் தேடிய விடையாகக்கூட இருக்கலாம்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: சமநிலை வரம்பைத் தளர்த்தி ஓடவைப்பது. ஓடும், ஆனால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

யீல்டு 250 என்று கொடுத்தேன், 262 காட்டுகிறது

யீல்டு என்பது பொருள் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் ஸ்ட்ரெஸ். அதற்கு மேல் கடினமாகாத பொருளாகவே கொடுத்திருந்தாலும் இது நடக்கும். சால்வர் ஸ்ட்ரெஸ்ஸைக் கணக்கிடுவது எலிமென்ட்டுக்குள் இருக்கும் இன்டக்ரேஷன் புள்ளிகளில். படம் வரைய அதை நோடுகளுக்கு நீட்டும்போது எண் வரம்பைத் தாண்டிவிடும். புள்ளி மதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள், 250ஐத் தாண்டாது.

எக்ஸ்பிளிசிட் ஓட்டம் முடியவே மாட்டேன் என்கிறது

எக்ஸ்பிளிசிட் என்பது மோதல் போன்றவற்றை நேரத்தில் சிறு சிறு அடியாக முன்னேறிக் கணக்கிடும் முறை. அந்த நேர அடி, மிகச் சிறிய எலிமென்ட்டை ஒலியலை கடக்கும் நேரத்துக்குள் இருக்க வேண்டும். எஃகில் அலை வேகம் வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர், 1 மி.மீ. எலிமென்ட்டுக்கு 0.2 மைக்ரோவினாடி. எங்கேயோ ஒரு மூலையில் 0.05 மி.மீ. சில்லு ஒன்று கிடந்தால் மொத்த மாடலும் 20 மடங்கு மெதுவாகும். அந்த ஒன்றைத் தேடித் திருத்துங்கள். நிறையைக் கூட்டி வேகப்படுத்தினால், மெதுவான செயல்களில் இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 முதல் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

வெப்பம் மட்டும் கொடுத்தேன், ஸ்ட்ரெஸ் எக்கச்சக்கம்

சுதந்திரமாக விரியும் ஒரே பொருள் சீராகச் சூடானால் ஸ்ட்ரெஸ் பூஜ்யம். வந்தால், பிடித்த விதம்தான் காரணம். இரு முனையும் இறுகப் பிடித்த எஃகுச் சட்டத்தை 100 டிகிரி சூடாக்கினால் 252 மெகாபாஸ்கல் வரும். பல எஃகுகளுக்கு அது யீல்டின் அளவு. ஒரு புள்ளியில் மூன்று திசை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று என்று பிடித்தால் பாகம் நழுவவும் செய்யாது, விரியவும் முடியும். தொடக்க வெப்பநிலை 0 என்று விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சோதனையில் வந்த அதிர்வெண் மாடலோடு ஒத்துப்போகவில்லை

மாடல் அதிகம் சொன்னால் இணைப்புகளைப் பாருங்கள். போல்ட் போட்ட இரண்டு தகடுகளை மொத்தப் பரப்பிலும் ஒட்டவைத்தால் நிஜத்தைவிட விறைப்பாகும். போல்ட்டின் அழுத்தம் பரவும் வட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள். சோதனை மேடையின் நெகிழ்வும் இதில் சேரும். அதைச் சுவர்போல் அசையாததாக எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. அதனால் முதலில் பாகத்தை மெல்லிய நாடாவில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டி அளந்து, பிடிமானமே இல்லாத மாடலோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தினால் பாகத்தின் மாடல் சரி, தவறு பிடிமானத்தில்.

மாடலில் ஒரு மோடே காணவில்லை என்றால், பாதியை வெட்டிச் சமச்சீர் எல்லை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வடிவம் சமச்சீராக இருந்தாலும் அதிர்வு அப்படி இருக்க வேண்டியதில்லை; எதிர்ச்சமச்சீர் மோடுகள் எல்லாம் அந்த எல்லையில் மறைந்துவிடும்.

ஸ்ட்ரெஸ் குறைவாகவே இருந்தது, பாகம் மடங்கிவிட்டது

பக்ளிங். மெல்லிய தகடும் நீண்ட தண்டும் அழுத்தத்தில் இருந்தால் யீல்டுக்கு வெகு முன்பே மடங்கும். சாதாரண லீனியர் கணக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. மடங்கும் லோடையும் வடிவத்தையும் தரும் ஐகன்மதிப்பு பக்ளிங் கணக்கை ஓட்டுங்கள், முழு மாடலில். சமச்சீர் எல்லை இங்கேயும் ஏமாற்றும். வரும் லோடு குறையே இல்லாத வடிவத்துக்கானது, அதனால் மெல்லிய உருளைக் கூடுகளில் அது வெகுவாக மிகையாக இருக்கும். முதல் மோடு வடிவத்தை எடுத்து, உற்பத்தியில் அனுமதித்த கோணல் அளவுக்கு அதைச் சுருக்கி, அந்தக் கோணலோடு தொடங்கும் பெரிய உருமாற்றக் கணக்கை ஓட்டுங்கள். அதில் வரும் உச்ச லோடைத்தான் வடிவமைப்புக்கு எடுக்க வேண்டும்.